குடைச்சலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?



கோலார் தங்கவயலில் பிறந்தோர்க்கு ஆங்கிலச் சொற்கள் அயலானவை அல்ல. 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைப் பெருக்க முற்பட்டபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் அறிந்தோர் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று நம் முன்னோர் வந்தனர். நிலத்தடியில் இவ்விரு சாராரும் கூடி உழைத்ததன் பயனாக ஷாப்டு, ஷிப்டு, லெவல், ட்ரில், பிளாஸ்டிங் என்னும் சொற்கள் எழுத்தறியாதார் நாவிலும் வெல்லம்போல் புரண்டன. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் ஐந்து வயதுச் சிறுவனுக்கும் ‘நைட் ஷிப்டு’ என்றால் வீட்டில் பகலெல்லாம் சத்தம் போடலாகாது என்பது பொருள்.

ஆயினும் இச்சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவை யாவும் கருவியின் பெயர்கள், அல்லது கட்டளைகள். ஏறு, இறங்கு, தள்ளு, நிறுத்து என்பனவற்றிற்கு ஆங்கிலம் கிடைத்தது. ஏறினவனுக்கு என்ன தோன்றிற்று, இறங்கினவனுக்கு எங்கே வலித்தது என்று சொல்லும் ஆங்கிலம் நமக்குக் கிடைக்கவில்லை. அதனைக் கற்பிக்க எவரும் வரவில்லை, நாமும் கேட்கவில்லை.

இக்குறையின் விலை என்ன என்பதை நாம் ஒரு மருத்துவமனையில் கண்டுகொண்டோம். நம் பெரியப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் பாறையைத் துளைக்கும் எந்திரம் பிடித்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய சுரங்கம் அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பெரியப்பாவின் உடலில் சுரங்கம் மூடப்படவில்லை. இடுப்பிலும் காலிலும் ஓயாத நோவு. பெங்களூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வடநாட்டவர், தமிழோ கன்னடமோ அறியார். மொழிபெயர்க்கும் பொறுப்பு நம்முடையது.

“குடையுது தம்பி, ராத்திரியெல்லாம் குடையுது” என்றார் பெரியப்பா. நாம் ‘பெயின்’ என்றோம். “விண்விண்ணுன்னு தெறிக்குது” என்றார். நாம் ‘பெயின்’ என்றோம். “பாதம் மரத்துப் போகுது” என்றதற்கும் சற்றே தயங்கி, ‘மச் பெயின்’ என்றோம். மருத்துவர் தலையசைத்து ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மீது குற்றமில்லை. அவர் காதில் விழுந்தது ஒரே சொல். அதற்கு ஏற்ற மருந்தைத் தந்தார். பட்டம் பெற்ற நாம், மூன்று நோய்க்குறிகளை ஒன்றாகக் கரைத்துவிட்டோம். மரத்துப்போதல் வலியே அன்று. வலியின் மறுதலை என்றுகூடச் சொல்லலாம்!

வெளியே வந்ததும் பெரியப்பா கேட்டார்: “நான் அத்தனை சொன்னேன். நீ ஏன் ஒரே வார்த்தை சொன்னே?”

அன்றிரவு அகராதியை எடுத்து அமர்ந்தோம். இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சொல்வளம் பெருக்க விரும்புவோர் பலரும் ஆங்கில அகராதியின் முதற் பக்கத்திலிருந்து தொடங்கி, ‘ஏ’ என்னும் எழுத்து முடிவதற்குள் களைத்துப்போகின்றனர். அல்லது நாளொன்றுக்குப் பத்து அருஞ்சொற்களை மனப்பாடம் செய்து, அவற்றைச் சொல்லுதற்கு வாய்ப்பின்றி மறக்கின்றனர். நாமும் இளமையில் அவ்வாறே முயன்று தோற்றவர்தாம். இம்முறை தலைகீழாகத் தொடங்கினோம். பெரியப்பாவின் சொற்களை முதலில் தமிழில் எழுதினோம்: குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், குத்தல், தெறிப்பு, மரத்துப்போதல். நோவுக்கு மட்டும் இத்தனை சொல்! பிறகு ஒவ்வொன்றிற்கும் நிகரான ஆங்கிலத்தைத் தேடினோம்.

விண்விண்ணென்று தெறிப்பது ‘த்ராப்’. நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் வலி அது. மந்தமாய், நீங்காமல் நிற்பது ‘ஏக்’. தலைவலியையும் பல்வலியையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் முடிப்பது அதனால்தான். தேள் கொட்டினாற்போன்றது ‘ஸ்டிங்’. ஓரிடத்தில் தோன்றி மற்றோரிடத்திற்குப் பாய்வது ‘ஷூட்டிங் பெயின்’. மரத்துப்போனதற்கு ‘நம்’ என்பது சொல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றில் ஓர் எழுத்து மிகுதியாக நிற்கும். ஒலிக்கும்போது அது வாய் திறவாது. ஆகவே நம் வீடு, நம் ஊர் என்னும் ‘நம்’ போலவே காதில் விழும். மறப்பதற்கு வழியில்லை.

குடைச்சல்தான் அகப்படவில்லை. எலி கொறிப்பதுபோன்ற வலிக்கு ஒரு சொல் இருந்தது. அது பெரியப்பாவுக்கு ஒப்பவில்லை. ‘போரிங்’ என்பது பொருளால் மிக நெருங்கி வந்தது. ஆனால் அச்சொல்லைக் கேட்போர் சலிப்பூட்டுவது என்றே கொள்வர். நாம் திகைத்திருந்தபோது பெரியப்பா இரு கைகளையும் முன்னே நீட்டி, எந்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, “இதுதான் தம்பி. நான் பாறையில போட்டதை இப்போ எவனோ என் இடுப்பில போடுறான்” என்றார். ‘லைக் எ ட்ரில்’. முப்பது ஆண்டுகள் கையிலிருந்த ஆங்கிலச் சொல்! அதனை உவமையாக்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

மறுமுறை சென்றபோது பெரியப்பா தாமே சொன்னார். ‘ட்ரில்’ என்று இடுப்பைக் காட்டினார்; ‘நம்’ என்று பாதத்தைக் காட்டினார். மருத்துவர் எழுதுகோலை வைத்துவிட்டுக் காலைத் தட்டிப் பார்த்தார். ஊசியால் தொட்டுப் பார்த்தார். முதுகெலும்பைப் படம் எடுக்கச் சொன்னார். நரம்பு நசுங்கியிருப்பது அப்பொழுதுதான் தெரியவந்தது.

பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் இம்முறை நமக்குப் புதிதன்று. பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கில மருத்துவர், பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்து 1852-இல் வெளியிட்ட நூல் இன்றும் எழுத்தாளர் மேசைகளில் இருக்கின்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று தொகுதி தொகுதியாய்ச் சொற்களை வகுத்திருந்தன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணினர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ என்று ஒரு பூவின் பருவந்தோறும் பெயர் வைத்த மொழியில் பிறந்தோம். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ‘நைஸ்’, ‘குட்’ என்னும் இரண்டு செப்புக் காசுகளோடு சந்தைக்குப் போகின்றோம்.

ஆங்கிலத்தின்முன் கூசுவோர்க்கு மற்றொன்று. அம்மொழியும் நம்மிடம் கைநீட்டியதுதான். கட்டுமரமும், சுருட்டும், மிளகுதண்ணீரும் சற்றே உருமாறி ஆங்கில அகராதியில் அமர்ந்துள்ளன. வைரத்திற்கு அடுத்த கடினமுடைய கனிமங்களுள் ஒன்றான ‘கொரண்டம்’ நம் குருந்தக்கல்லே. இத்தகைய சொற்களைத் திரட்டி 1886-இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாய் இருந்தவர்.

அருஞ்சொல்லே வளம் என்று எண்ணுவதும் பிழை. மைசூரில் வாழ்ந்த தமிழரான ஆர். கே. நாராயண், கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தவறியவர். 1935-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்காத சொல் மிகச் சிலவே. தகுந்த இடத்தில் தகுந்த எளிய சொல்லை வைத்ததனால் உலகம் அவரைப் படித்தது.

இன்று தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவ்விளைஞர்களுள் சிலர் நேர்முகத் தேர்வுக்கு நம்மிடம் பயிற்சி கேட்டு வருவதுண்டு. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் அனைவரும் ‘ஹார்டு ஒர்க்கிங், சின்சியர்’ என்று ஒப்பிக்கின்றனர். நேற்று என்ன வேலை செய்தாய், எது கடினமாயிருந்தது, எப்படிச் சமாளித்தாய் என்று தமிழில் கேட்டால் ஊற்றுப்போல் பேசுகின்றனர். அந்தப் பேச்சை முதலில் எழுதச் செய்கின்றோம். ஆங்கிலம் பிறகு வருகின்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் நூலகத்தில் கிடைத்தால், தேடிய சொல்லின் நிழல் வேறுபாடுகளை அதில் ஒத்துப் பார்க்கலாம். சிறு குறிப்பேடு ஒன்று போதும். ஆனால் அதில் முதலில் நிற்கவேண்டியது நம் வீட்டில் இன்று பேசிய சொல்.

நம் குறிப்பேட்டில் இன்னும் விடை காணாத ஒரு பக்கம் உண்டு. சென்ற மாதம் பெரியப்பாவுடன் மூடிய சுரங்கத்தின் பக்கம் நடந்து சென்றோம். மேலே நின்றுபோன சக்கரத்தைப் பார்த்து, “வெறிச்சுன்னு இருக்கு. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்றார். ‘எம்ப்டி’ என்றோம், அது குடத்துக்குச் சொல்வது என்றார். ‘டெஸலெட்’ என்றோம், பொருளை விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பக்கத்துல வருது, ஆனா இல்லை” என்றார். தேடிக்கொண்டிருக்கின்றோம்.