தாராவியைத் திரையில் பார்த்தோம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தார் குடும்பத்தோடு கூடி மூன்று தமிழ்ப் படங்களைப் பார்த்தோம். மூன்றும் மும்பைத் தமிழனைப் பற்றிய படங்கள். படம் முடிந்ததும் கலைந்து போகாமல் உட்கார்ந்து பேசினோம். அங்கே எழுந்த கருத்துகளைத் தொகுத்து உங்கள் முன் வைக்கிறோம்.

"சினிமாவைப் பற்றிப் பேசவா சங்கம்?" என்று சிலர் கேட்கக்கூடும். தமிழனுக்குச் சினிமா வெறும் பொழுதுபோக்காக இருந்ததுண்டா? 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952-இல் கலைஞர் வசனம் எழுதிய 'பராசக்தி' என்று அரசியலையே திரையில் படித்த கூட்டம் அல்லவா நாம்? அந்தப் 'பராசக்தி'யின் அண்ணன்மார் யார்? இரங்கூனில் பிழைக்கப் போன தமிழர்கள்! தங்கையின் திருமணத்துக்குப் புறப்பட நினைத்த மூவரில் ஒருவருக்குத்தான் கப்பலில் இடம் கிடைக்கிறது. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத வேதனை நமக்குத் தெரியாததா? மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப் படம் வந்தால் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் நம்மவர் திரண்டு போன காலம் உண்டு. கடல் கடந்தவனையும் எல்லை கடந்தவனையும் தாய்மொழியோடு கட்டி வைத்தது சினிமா. ஆகவே அது நம்மை எப்படிக் காட்டுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் பார்த்தது மணிரத்னத்தின் 'நாயகன்'. 1987 தீபாவளிக்கு வந்த படம். கமல்ஹாசனுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த படம். விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிப் பின்னர் கள்ளக்கடத்தலில் பெரும்புள்ளியான வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்பது ஊரறிந்த செய்தி. சென்னையில் போட்ட செட்டைத் தாராவி என்றே நம்ப வைத்த தோட்டா தரணியின் கைத்திறனை இன்று பார்த்தாலும் வியக்கிறோம்.

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? வேலுவின் தந்தை யார்? தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவர்! காவல்துறை தேடிய தொழிற்சங்கத் தலைவரின் மகன் பம்பாய் வந்து தாதா ஆகிறான். படம் தொடங்கிய சிறிது நேரத்தில் தந்தை சாகிறார். அவரோடு சங்கமும் சாகிறது. அதன் பிறகு தாராவி மக்களுக்குக் குறை வந்தால் ஒரே வழி, நாயக்கர் வீட்டு வாசல். குடிசையை இடிக்க வந்த சேட்டின் பங்களாவுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினால் இடிப்பு நின்று விடுகிறது. கைதட்டுகிறோம். மறுநாள் காலையில் குடிசைக்குப் பட்டா கிடைத்ததா? அதைப் படம் கேட்கவில்லை. தாத்தா நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கிறான். சங்கம் எங்கே போயிற்று என்று நாம் கேட்கிறோம்.

1966-இல் சிவசேனை தோன்றிய நாட்களில் தென்னாட்டார் மீது கிளப்பிய வெறுப்பை அனுபவித்த தலைமுறைக்கு, நமக்கும் ஒரு பலசாலி இருக்கிறான் என்ற எண்ணம் ஆறுதலாக இருந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். தாராவித் தமிழன் என்றாலே தாதாவின் ஆள் என்ற முத்திரை விழுந்தது. வேலை கேட்டுப் போகிற இளைஞன் முகவரி சொல்லத் தயங்கினான்.

இரண்டாவது படம் 2022-இல் வந்த 'வெந்து தணிந்தது காடு'. ஜெயமோகன் கதை, கௌதம் மேனன் இயக்கம். தென் மாவட்டத்து ஏழை இளைஞன் முத்து மும்பைக்குப் பரோட்டாக் கடை வேலைக்கு வருகிறான். கடையிலேயே வேலை, கடையிலேயே படுக்கை. நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தோம்! முற்பாதியைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள் உண்டு. ஆனால் பரோட்டாக் கடைக்குப் பின்னால் துப்பாக்கிக் கூட்டம் இருக்கிறது. முத்துவின் கைக்கும் துப்பாக்கி வந்து சேர்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதே பாதை! மாவு பிசைந்த கை மாவு பிசைந்தபடியே ஒரு குடும்பத்தைக் கரையேற்றிய கதை சினிமாவுக்குப் போதவில்லை போலும்.

மூன்றாவது, 2018-இல் வந்த பா. இரஞ்சித்தின் 'காலா'. இதைத்தான் நம் சங்கத்தார் அதிகம் விரும்பினர். காரணம் ரஜினிகாந்த் மட்டும் அல்ல. தூய்மை, வளர்ச்சி என்ற அழகிய சொற்களோடு வருகிறவனைப் பார்த்து, இந்த நிலம் யாருடையது என்று இந்தப் படம் கேட்கிறது. தாராவி மக்கள் வேலைக்குப் போகாமல் நிறுத்தியதும் மாநகரம் நின்று போவதைக் காட்டுகிறது. மூன்று படங்களில் தொழிலாளியின் உண்மையான ஆயுதத்தைக் காட்டியது இது ஒன்றே. மானபங்கப்படுத்தப்பட்ட மராட்டியப் பெண் புயல், ஆடையை எடுக்காமல் தடியை எடுக்கும் காட்சியில் நம் தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். பக்கத்துக் குடிசை மராட்டியனும் இசுலாமியனும் பகைவர் அல்லர், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் என்று இந்தப் படம் சொல்கிறது.

குறை இல்லையா? உண்டு. இங்கும் எல்லாம் ஒரு பெரியவரைச் சுற்றியே நடக்கிறது. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்புகிற குடும்பம், முறுக்குச் சுற்றும் தாய்மார்கள், தோல் பதனிட வந்த பாட்டன்மார், பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் பெண்கள் ஆகிய இவர்கள் இன்னும் எந்தப் படத்துக்கும் நாயகர் ஆகவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? திரையில் நடந்தது தெருவில் நடக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறது திட்டம். அதன் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். ஆக, ஒரு குடும்பம் இங்கே இருப்பதா, பிள்ளையின் பள்ளியையும் தொழிலையும் விட்டு வேறிடம் போவதா என்பதை ஒரு பழைய மின்கட்டண ரசீது முடிவு செய்யலாம்!

இந்த நேரத்தில் வேலு நாயக்கரும் வரமாட்டார், காலாவும் வரமாட்டார். வர வேண்டியவர்கள் நாம்தான். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் நகல், மின்கட்டண ரசீது ஆகியவற்றை இன்றே தேடி எடுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கு எடுத்துப் படித்துச் சொல்லுங்கள். மாடியில் இருப்பவனைக் கீழே இருப்பவன் கைவிட வேண்டாம். 2000-க்கு முன் வந்தவன் பின் வந்தவனை அந்நியனாகப் பார்க்க வேண்டாம். அப்படிப் பிரிந்தால் காலாவின் வேலைநிறுத்தம் படத்தோடு முடிந்து விடும்.

இளைஞர்களே, உங்கள் கையில் கேமரா உள்ள கைபேசி இருக்கிறது. பாட்டியிடம் உட்காருங்கள். எந்த ஆண்டு வந்தாள், எந்தச் சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டி இந்தத் தரையை உயர்த்தினாள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தாராவித் தமிழனின் அடுத்த படம் அங்கிருந்து தொடங்கட்டும். அதில் தூத்துக்குடித் தந்தையின் சங்கம் உயிரோடு இருக்கட்டும்!