மரச்செருப்பைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி

நெதர்லாந்துன்னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன ஓடுது? காற்றாலை, டுலிப் பூ, சீஸ், சைக்கிள். அப்புறம் குட்டிப் படகு மாதிரி ஒரு மரச்செருப்பு. அதுக்கு டச்சு மொழியில க்ளொம்ப்பன்னு பேரு. இன்னைக்குப் பஞ்சாயத்து அதைப் பத்திதான்.

"மரத்துல செருப்பா? கால் என்னத்துக்கு ஆகும்?"னு கேட்பீங்க. முதல்ல அந்த ஊர்த் தரையைப் பாருங்க. நாட்டோட நிலப்பரப்பில் சுமார் கால்வாசி, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கு. வயல் எல்லாம் சொதசொதன்னு இருக்கும். தோல் செருப்பு ஊறிப்போயிடும், விலையும் அதிகம். வில்லோ, பாப்லர் மரத்தைக் குடைஞ்சா மலிவான செருப்பு ரெடி. சேத்துல நடந்தாலும் கால் நனையாது, மாடு மிதிச்சாலும் விரல் தப்பிச்சிடும். ஆம்ஸ்டர்டாம்ல தோண்டி எடுத்த ஒரு மரச்செருப்பு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எங்க பாஷையில சொன்னா, லெகஸி கோடு. பார்க்க காமெடியா இருக்கும், ஆனா ஒரு காரணத்துக்காக எழுதினது.

இப்போ பெரும்பாலானவங்க போடுறது நம்மள மாதிரி ஸ்னீக்கர்ஸ்தான். மரச்செருப்பு அதிகமா விக்கிறது சுற்றுலாப் பயணிகள்கிட்ட.

அடுத்தது கஞ்சத்தனம். அவங்கவங்க பில்லை அவங்கவங்களே கட்டினா, இங்கிலீஷ்ல "கோயிங் டச்". குடிச்சா வர்ற வீரத்துக்கு "டச் கரேஜ்". ஏன் எல்லாத்துக்கும் இவங்க தலை உருளுது? 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் டச்சுக்காரர்களும் வணிகத்துக்காகக் கடலில் மோதிக்கொண்டவர்கள். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட நக்கல்கள் பெருகியதற்கு அந்தப் பகையும் ஒரு காரணம். எதிர்க்கடைக்காரர் எழுதின ரிவியூவைப் படிச்சிட்டு, நாம ஒரு ஸ்டார் குடுத்துட்டு இருக்கோம்!

முழுப் பொய்யும் இல்லை. நண்பர்கிட்ட பங்குக் காசு கேட்கவே டிக்கின்னு ஒரு ஆப் 2016-ல அங்கே வந்து பிச்சுக்கிட்டு ஓடுது. நாம மட்டும் என்ன, டீ குடிச்ச 17 ரூபாயை ஜிபேல கேட்கிறதில்லையா? அந்தத் "துட்டு"ங்கிற சொல்லே டச்சு நாணயத்தோட பேர்தான். பழவேற்காடு, நாகப்பட்டினம்னு அவங்க இங்கே வியாபாரம் பண்ணப்போ நம்ம வாயில ஒட்டிக்கிச்சு.

கிண்டல் பண்ணுங்க, தப்பில்லை. ஆனா அதோட நின்னுட்டா ஆளைப் பார்க்கவே மாட்டோம். எனக்குச் சோறு போடுற பைத்தானை உருவாக்கின கீடோ வான் ரோசம் ஒரு டச்சுக்காரர். "டச்சு"ன்னதும் அவர் முகம் நமக்கு வர்றதில்லை, செருப்புதான் வருது. வெளியூர் ஆபீஸ்ல "தினமும் இட்லிதானா?"ன்னு கேட்கும்போது நமக்கு எப்படி இருக்கு? அதனால டச்சு டீம்மேட் கிடைச்சா, "மரச்செருப்பு போடுவீங்களா?"ன்னு கேட்காதீங்க. "உங்க ஊரைக் கடல் முழுங்காம எப்படிப் பார்த்துக்கறீங்க?"ன்னு கேளுங்க. மீட்டிங் ஓவர்டைம் போகும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம், டாட்டா!