பணியும் பணிவும்



தமிழில் 'பணி' என்னும் சொல் இருபொருள் உடையது. வினையாக வரும்போது 'வணங்கு, தாழ்ந்து நில்' என்று பொருள்படும். பெயராக வரும்போது 'தொழில், தொண்டு' என்று பொருள்படும். குனிய மறுக்கும் பணி முழுமையான பணி ஆகாது என்று எண்ணுவதற்கு நம் மொழியே இடம் தருகிறது. இவ்விரு பொருளும் ஒரே வாழ்வில் கூடி நின்றதைத் திருநெல்வேலிச் சீமை கண்டிருக்கிறது. டோனாவூரில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வே அது.

கிறித்தவத் தொண்டின் பணிவுக்கு ஊற்றாக விளங்குவது யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். இறுதி இராவுணவின்போது இயேசுபெருமான் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடையில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். அக்காலத்தில் அது வீட்டு அடிமையின் வேலை. பேதுரு கூசுகிறார், தம் கால்களை ஆண்டவர் தொடலாகாது என்று மறுக்கிறார். கழுவ இசையாவிடில் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று இயேசு உணர்த்திய பின்னரே கால்களை நீட்டுகிறார். இக்காட்சியில் பணிவின் இரு முகங்கள் உள்ளன. ஒன்று, பிறர் காலைக் கழுவக் குனிதல். மற்றொன்று, தன் காலைப் பிறர் கழுவ ஒப்புதல். முன்னது அரிது, பின்னது அதனினும் அரிது.

1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த அம்மையார் 1895இல் இந்தியா வந்தார். 1951இல் மறையும் வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலருடன் சிற்றூர்தோறும் சென்று நற்செய்தி கூறுவதையே தம் கடமையாகக் கொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பிவந்து பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் நெடிய முயற்சியால், 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சிறுமி கதவைத் தட்டினாள். அவளைத் தொடர்ந்து கைக்குழந்தைகளும் வரலாயினர்.

அங்கேதான் சோதனை தொடங்கியது. குழந்தைகளைப் பேணுவதென்றால் ஊர்ப்பயணத்தைக் கைவிட வேண்டும். கூட்டத்தின்முன் நின்று பேசிய நாவுக்குத் தாலாட்டே வேலையாகும். ஏடு பிடித்த கை பால் காய்ச்ச வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பெரும்பணியை விட்டு ஆயா வேலைக்கு இறங்குவது முறைதானா என்னும் ஐயம் அவர் உள்ளத்திலேயே எழுந்தது. துண்டு கட்டிய ஆண்டவரின் காட்சியே அதற்கு விடையாயிற்று. எது பெரிய பணி, எது சிறிய பணி என்று தரம்பிரிப்பது பணியாளன் வேலையன்று என்று அவர் தெளிந்தார்.

இத்தெளிவு அவருடையது மட்டுமன்று. பிறர் பெற்ற குழந்தையைக் குளிப்பாட்டித் துணி துவைப்பதை இழிவென்று கருதிய காலம் அது. அவ்வேலையை மனமுவந்து தோளேற்றவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்க் கைம்பெண். நெய்யூர் மருத்துவமனையின் அருகில் அமைந்த குழந்தைகள் இல்லத்தை ஏற்று நடத்தியவர் அவர். 1915இல் அவர் மறைந்தபின், அம்மையார் அவர் வாழ்வைத் தனி நூலாகவே எழுதினார். தலைவி தொண்டரின் வரலாற்றை எழுதுவதும் ஒருவகையில் கால் கழுவுதலே அன்றோ!

பணிவு என்பது கோழைத்தனம் அன்று. தம் பணியைப் பற்றி அம்மையார் எழுதியனுப்பிய கையெழுத்துப் படி, ஊக்கம் தருவதாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. வெற்றிகளைக் கூட்டி எழுத அவர் இசையவில்லை. உள்ளதை உள்ளபடியே வைத்தார். 1903இல் அந்நூல் வெளிவந்தது. தன் பணியின் அளவை மிகைப்படுத்தாமை பணிவின் முதற்படி. 1919இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, அதை ஏற்காதிருக்க இசைவு தருமாறு ஆளுநராயிருந்த பெண்ட்லண்டு பிரபுவுக்கு எழுதினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டாரேனும், அதைப் பெறும் விழாவுக்குச் செல்லவில்லை.

ஆயினும் பணிவின் கடும்பாடம் பின்னரே வந்தது. 1931 அக்டோபரில் களக்காட்டில், புதிதாகத் தொடங்கவிருந்த மருந்தகத்துக்கான வீட்டைப் பார்க்கச் சென்றவர் அங்கு வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. ஆயிரம் வேலைகளை ஓடியோடிச் செய்தவர், தாம் வளர்த்த பிள்ளைகளின் கையால் தாங்கப்பட வேண்டியவரானார். பேதுருவைப்போல் அவரும் கால் நீட்டக் கற்றார். கொடுப்பவராகவே இருந்து பழகியவர்க்குப் பெறுவது எளிதன்று. கொடுக்கும் கை மேலே, பெறும் கை கீழே என்னும் எண்ணத்தில் ஒரு நுண்ணிய செருக்கு ஒளிந்திருக்கிறது. நோய்ப்படுக்கை அதைக் களைந்தது. அப்படுக்கையிலிருந்தே அவர் பல நூல்களை எழுதினார்.

டோனாவூர் என்னும் பெயரில் அவ்வூருக்குக் கொடையளித்த பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. அது நன்றியுடைமையின் அடையாளம், குறை கூறுதற்குரியதன்று. அதே ஊரில் 1951 ஜனவரியில் அடக்கம் செய்யப்பட்ட அம்மையாரோ, தம் கல்லறைமேல் கல் வேண்டா என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீருண்ணும் தொட்டி ஒன்றை அமைத்தனர். அதில் பொறித்தது அன்னை என்று பொருள்தரும் ஒரே சொல். அது பெயரன்று, உறவு. அவரை அறியாதவர்க்கு அது யாருடைய கல்லறை என்பதும் புலப்படாது. சிட்டுக்குருவிக்குத் தண்ணீர் கிடைக்கும். அது போதும் என்று கருதிய உள்ளம் அது.

பாவலர் பெருமக்களே! பெயர் பொறிப்பதில் நாட்டமுடையவர்கள் நாம். பாட்டின் இறுதியடியில் முத்திரை வைக்கும் மரபும் நம்முடையது. அது தவறன்று. ஆனால், பத்தாண்டு கண்ட எந்த வட்டத்திலும் பாடியவர்கள் பெயர் மலரில் அச்சாகும். பாய் விரித்தவர், அழைப்பிதழ் சுமந்தவர், கூட்டம் கலைந்தபின் விளக்கணைத்துக் கதவடைத்தவர் பெயர் பெரும்பாலும் அச்சாவதில்லை. அவர்கள் குனிந்ததால் நாம் நிமிர்ந்து நின்று பாடினோம். அடுத்த பத்தாண்டில் பாய் விரிக்கும் முறை பாவலர்க்கும் வருமாயின், 'பணி' என்னும் சொல்லின் இரு பொருளும் இவ்வட்டத்தில் ஒன்றாகும்.