கடன் அடைக்கும் வீடு



பாட்டு, கூத்து, கோலம், சமையல் என்று எத்தனையோ கலைகளை வானொலியில் எடைபோட்டுப் பேசுகிறார்கள். இன்று நான் பேச வந்திருப்பது மேடை ஏறாத, பரிசு வாங்காத ஒரு வேலையைப் பற்றி. சம்பளம் கூடாமல், சொத்தை விற்காமல், வீட்டுச் செலவைச் சுருக்கியே கடனை அடைப்பது. தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு வீட்டில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. சில வீடுகள் இரண்டு மூன்று வருஷத்தில் தலை நிமிர்ந்துவிடுகின்றன. சில வீடுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தும் கடன் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டு வீட்டிலும் சிக்கனம் இருக்கிறது. பிறகு எதில் வேறுபாடு?

முதலில் கொஞ்சம் கணக்கு. காதால் கேட்கிற கணக்கு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு குடும்பம் 1 லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24. மாத வட்டி 2000. தவறாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போனால், 50 மாதத்தில் 1 லட்சம் கட்டியிருப்பார்கள். வாங்கிய 1 லட்சம் அப்படியே பாக்கி இருக்கும். மாதம் 3000 கட்டி, குறைகிற முதலுக்கு மட்டும் வட்டி என்று பேசிக்கொண்டால், 56 மாதத்தில் கடன் தீரும். கட்டிய தொகை ஏறக்குறைய 1,66,000. அதே குடும்பம் 4000 கட்டினால் 35 மாதம், மொத்தம் 1,40,000. 5000 கட்டினால் 26 மாதம், மொத்தம் 1,29,000.

கவனித்தீர்களா? மூவாயிரத்தை நாலாயிரமாக்கியதில் 20 மாதத்துக்கு மேல் மிச்சம். காரணம், முதல் 2000 ரூபாய் கடனைத் தொடுவதே இல்லை, அது வட்டிக்கே போய்விடுகிறது. அதற்கு மேல் வைக்கிற ஒவ்வொரு ரூபாயும்தான் முதலைக் கரைக்கிறது. மாதம் 1000 ரூபாய் என்பது நாளுக்கு 33 ரூபாய். 33 ரூபாயை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த 20 மாதம்தான் பதில். சிக்கனத்தின் மதிப்பை இந்த இடத்தில்தான் நான் காண்கிறேன்.

அந்த 1000 ரூபாய் எங்கிருந்து வரும்? இதில் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் சந்தைக்கு வரும்போது வருஷத்துக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, மெஷினில் அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் வாங்குகிற தூளைக் கிலோ விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மறுபடி பாக்கெட் வாங்கமாட்டார்கள். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி 2011-லிருந்து இலவசம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இதில் மட்டுமே மாதம் சில நூறு ரூபாய் கையில் நிற்கிறது. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், இடைப்பட்ட யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடும். இதைத் தெரிந்துகொண்ட வீட்டில் மீட்டரை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதும், பால் கணக்கைக் காலண்டர் கட்டத்திலேயே எழுதுவதும் இந்தக் கலையின் அடிப்படைப் பாடங்கள்.

இவ்வளவு திறமையும் இருந்து, பல வீடுகளில் கடன் ஏன் குறைவதில்லை?

எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. முதலாவது, மிச்சம் பிடித்த பணத்துக்குப் போக்கிடம் இல்லை. இந்த மாதம் மளிகையில் 600 மிச்சம். அது மணிபர்சிலேயே இருக்கிறது. சனிக்கிழமை யாரோ வருகிறார்கள், கறி எடுக்கிறோம். திங்கட்கிழமை மிச்சம் பிடித்த சுவடே இல்லை. கடன் அடைத்து முடித்த வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சம்பளம் வந்த அன்றே கடனுக்கு உரியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் குடித்தனம் நடத்துவார்கள். மாதக் கடைசியில் மீந்தால் கட்டலாம் என்று இருப்பவர்களுக்கு எதுவும் மீந்திருக்காது. ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் சிலர், முதலைத் துண்டு துண்டாக வாங்கமாட்டேன், மொத்தமாகக் கொடு என்பார்கள். அப்படிப்பட்ட கடனுக்கு வங்கியில் மாதாந்திரத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி, அந்த ஆயிரத்தை அங்கே போய்ச் சேரச் செய்வதுதான் வழி. கைக்கு எட்டாத இடத்தில் பணம் இருக்கவேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கணக்கை மறைப்பது.

சிறுவாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரிசிப் பானையில், அஞ்சறைப் பெட்டியில், புடவை மடிப்பில் பெண்கள் சேர்த்து வைக்கும் பணம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் இந்தப் பணம் வெளியே வந்து, கணவன்மார் வாயடைத்து நின்றார்கள். இந்தப் பக்கம் மனைவி 20,000 ரூபாயை டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் கணவன் அவருக்குத் தெரியாமல் யாரிடமோ 20,000 கைமாற்று வாங்கி, அது வட்டிக்கடனாக மாறி, மாதம் 400 கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே, வட்டி வராத பணமும் வட்டி கொடுக்கிற கடனும். வருஷத்துக்கு 4800 ரூபாய், ஒருவரோடு ஒருவர் பேசாததற்காக மட்டும் இந்த வீடு கொடுக்கும் தொகை.

இதற்காகப் பெண்களைக் குறை சொல்லிவிட முடியாது. அந்த டப்பாதான் பல பெண்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கணவன் குடித்துவிட்டு வந்தால், அம்மா வீட்டுக்கு அவசரமாகப் போகவேண்டி வந்தால், கை வைக்கிற இடம் அது. அதைக் கடனில் போடு என்று கேட்பவர், முதலில் தன் கடன்கள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி மனைவி முன்னால் வைக்க வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது வாங்கியது. குழுக்கடன், செல்போன் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, எல்லாம். அந்தத் தாளை எழுதுகிற இரவில் சண்டை வரலாம். ஆனால் அதை எழுதாமல் செய்யும் சிக்கனம் பாதி வழியில் நின்றுவிடும்.

1967-ல் கே. பாலசந்தர் எடுத்த பாமா விஜயம் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள் என்பதற்காக மூன்று மருமகள்களும் பகட்டுக் காட்டி, குடும்பமே கடனில் விழும் கதை. கடன் வருவது அந்தப் படத்தில் தனி ஆளின் காரியமாக இல்லை, வீடே சேர்ந்து செய்ததாக இருக்கிறது. அடைப்பதும் அப்படித்தான் நடக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியட்டும், இந்த வருஷம் வீட்டில் இவ்வளவு கடன் இருக்கிறது, இந்தத் தீபாவளிக்கு ஒரு உடைதான் என்று. பயமுறுத்தாமல் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். தெரியாத பிள்ளைதான் அடம்பிடிக்கும்.

இனி, இந்தக் கலையின் குறைகளையும் சொல்லவேண்டும்.

சிக்கனம் என்ற பெயரில் வீட்டில் யார் தட்டு காலியாகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசியில் சாப்பிடும் அம்மாவின் தட்டு. பாலை நிறுத்துவது, சர்க்கரை நோய் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, மகளின் படிப்பை நிறுத்துவது, இவையெல்லாம் சிக்கனக் கணக்கில் வராது. இன்று மிச்சமாகும் மாத்திரைக் காசு நாளை மருத்துவமனை வாசலில் பல மடங்காகக் கேட்கும். அதற்கு மறுபடி கடன்தான். நல்ல சிக்கனம் எல்லோர் தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுக்கும். அப்பாவின் டீக்கடைக் கணக்கும், சிகரெட்டும், டாஸ்மாக்கும் தொடப்படாமல், சமையலறையில் மட்டும் கத்தரிக்கோல் விழுகிற வீட்டுக்கு நான் பாஸ் மார்க் போடமாட்டேன்.

அடுத்தது மொய், சீர், வரிசை. வீட்டுச் செலவைக் குறைப்பது கூட எளிது. உறவுக்கு முன்னால் கையைச் சுருக்குவது கடினம். மொய் நோட்டும் ஒரு கடன் நோட்டுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டுகிறார்கள். வட்டி இல்லாத பெருந்தொகை ஒரே நாளில் கைக்கு வருகிறது, கடனை அடைக்கவும் உதவுகிறது. ஆனால் அடுத்தடுத்த வருஷங்களில் ஒவ்வொருவருக்கும் திரும்பச் செய்தாக வேண்டும், வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. கடன் பட்டியல் எழுதும்போது அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது குறைதான் முக்கியம். சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்கு எழுதி வாங்கிக்கொண்டு, கையில் 8500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். பார்க்க 1500 ரூபாய் வட்டி போலத்தான் தெரியும். தினமும் முதல் குறைந்துகொண்டே வருவதால், வருஷ வட்டியாகப் பார்த்தால் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். மீட்டர் வட்டி இதைவிடக் கொடியது. 2003-ல் தமிழக அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. இந்தக் கடன்களைப் புளியிலும் பருப்பிலும் மிச்சம் பிடித்து அடைத்துவிட முடியாது. முதலில் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் சிக்கனம் வேலை செய்யும்.

வங்கியில் நகைக்கடன் வட்டி வருஷத்துக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வீட்டில் நகை இருந்தால், அதை வைத்து அந்த இரண்டு வட்டிக் கடனை முடித்துவிட்டு, அதே 4000 ரூபாயை மாதா மாதம் நகைக்கடனில் கட்டினால், 35 மாதத்துக்குப் பதில் 28 மாதத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு ரூபாய் கூடுதலாகச் சிக்கனம் செய்யாமல் ஏழு மாதம் லாபம். ஆனால் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைத்துக்கொண்டே போகிறவர்கள் அந்த நகையைத் திருப்புவதே இல்லை. நகை இல்லாதவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய அந்த முயற்சி, கந்துவட்டிக்காரரைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதிருந்த பெண்களுக்கு வங்கியின் கதவைத் திறந்தது. அதிலும் ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவில் கட்டுகிற சுழலில் விழாமல் இருக்கவேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கேட்பார்கள். வட்டி கூடியதை முதலில். தண்டல், பிறகு மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேலும் ஏறக்கூடிய கிரெடிட் கார்டு பாக்கி, பிறகு இரண்டு வட்டி, பிறகு நகை, கடைசியில் வீட்டுக்கடன். உறவினரிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்றுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அதற்கு வட்டி இல்லை, ஆனால் விசேஷ வீட்டில் எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் மாதம் 500 ஆவது கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு நாளை இன்னொரு அவசரத்தில் உதவி கிடைக்கும்.

மொத்தத்தில் என் மதிப்பீடு இது. செலவைக் குறைக்கும் கைத்திறன் நம் வீடுகளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குறைவாக இருப்பது, எழுதி வைத்த கணக்கும் அதை எல்லோரும் பார்க்க அனுமதிக்கும் மனசும். அவை சேர்ந்த வீட்டில் மாதம் 1000 ரூபாய் கடனை உடைக்கும். சேராத வீட்டில் 5000 கூடக் காணாமல் போகும்.

கடைசியாக ஒன்று. கடன் தீர்ந்த மாதத்தோடு இந்தக் கலை முடிந்துவிடுவதில்லை. கட்டிப் பழகிய அந்த 4000 ரூபாயை நிறுத்தாமல், இன்னும் ஆறு மாதம் உங்கள் பெயரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். 24,000 ரூபாய் சேரும். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது, ஃபீஸுக்காக அந்த வீடு யாரிடமும் கை நீட்டாமல் இருந்தால், அப்போதுதான் முழு மதிப்பெண்.