மனநலப் பணியும் மக்கள் யோசனையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊருக்குச் சாலை வேண்டுமா, கிணறு வேண்டுமா என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். மனத்தின் நலத்திற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும். அதனால் தேவையே இல்லை என்று நாம் எண்ணிவிடலாகாது. கேட்ட இடமும், கேட்ட சொல்லும் மக்களுக்குப் பொருந்தவில்லை என்றே கொள்ளவேண்டும். ஆகவே, மனநலப் பணியின் திட்டத்தை மக்களோடு கூடியிருந்தே வகுத்தல் அவசியமாகும்.

இதற்குச் சான்றாக விளங்குவது ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாடு. அதன் தலைநகரான ஹராரேயில், ஏழை மக்கள் நெருங்கி வாழும் எம்பாரே பகுதியில், 2006ஆம் ஆண்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் பணி தொடங்கினார். அவருக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. அங்கே சுகாதாரத் தொண்டு புரிந்துவந்த 14 பாட்டிமார்களே துணை நின்றனர். வெளியில் ஒரு பெஞ்சு போட்டு, துயருற்றோரை அதில் அமர்த்திப் பேசலாயினர். அதற்கு மருத்துவர் முதலில் இட்ட பெயர் ‘மனநல பெஞ்சு’. அப்பெயரைக் கேட்டால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார் என்று பாட்டிமார்கள் கூறினர். அவர்கள் சொற்படி அது ‘நட்பு பெஞ்சு’ ஆயிற்று. நோய்க்கும் மருத்துவ நூற்சொல்லை வழங்காமல், ‘அளவுக்கு மீறிய சிந்தனை’ என்று பொருள்படும் ஷோனா மொழியின் வழக்குச் சொல்லையே கையாண்டனர். ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் மனத்துயரின் அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன.

நம் மாநிலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. வீட்டு மூலையில் வைத்த பூச்சிமருந்து, துயரமும் சினமும் மேலிட்ட ஒரு நாழிகையில் கைக்கு எட்டிவிடுகிறது. அந்த நாழிகை கடந்துவிட்டால் பல உயிர்கள் பிழைக்கும். இதனை எண்ணி, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை சிநேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலியோர் இரண்டு கிராமங்களில் பொதுக் காப்பகங்கள் அமைத்தனர். உழவர்கள் தத்தம் மருந்தை அங்குள்ள பெட்டியில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துச் சென்றனர். இம்முறையை மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்பது 2013இல் வெளியான ஆய்வால் தெரிகிறது. மக்கள் மனமுவந்து மருந்தைக் கொண்டுவந்து வைக்காவிடில், காப்பகம் வெறும் கட்டடமாகவே நின்றிருக்கும்.

அன்பர்களே! ஊர் என்பது ஒரே குரல் அன்று. கடன்பட்ட குத்தகைதாரரின் கவலை வேறு. நாற்று நடும் பெண்ணின் கவலை வேறு. பிள்ளைகள் திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றபின் தனித்திருக்கும் முதியவர், இருளர் குடியிருப்பின் இளைஞர், தேர்வில் தவறிய மாணவி ஆகிய ஒவ்வொருவரும் வெவ்வேறு சொல்லால் தம் வேதனையைக் கூறுவர். ‘மனநோய்’ என்றால் வாய் திறவாதவர், ‘தூக்கம் வரவில்லையா?’ என்று கேட்டால் மனம் திறப்பர். கிராம சபையில் பேசுவோர் சிலரே. ஆதலால் சபை கூடுமுன், மகளிர் குழுவிலும், கடைக்கோடிக் குடியிருப்பிலும், களத்துமேட்டிலும் தனித்தனியே அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்போமாக: இத்துயரை இங்கே என்ன பெயரால் சொல்கிறீர்கள்? யாரிடம் மனம் விட்டுப் பேசுவீர்கள்? எந்த இடத்தில் பேசக் கூசமாட்டீர்கள்? விடைகளைத் தொகுத்து, கிராம செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோருடன் கலந்து திட்டம் வகுக்கலாம். சொன்னவர் பெயர் வெளியே செல்லலாகாது.

இரு செய்திகளை எல்லாத் தெருக்களிலும் பரப்புதல் நம் கடமை. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார்; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே போலீசுக்கு அஞ்சி ஒளித்து வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். துயருற்றோர் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

சாலைக்கு நிதி வேண்டும். இப்பணியைத் தொடங்கவோ, செவிசாய்க்கும் பொறுமை போதும். அடுத்த கிராம சபைக்கு முன்பே அதனைத் தொடங்குவோமாக.