கண்ணகிக்கு இடம் கொடுத்தவள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"கதைகளில் எனக்குப் பிடித்த பெண்" என்று தலைப்புக் கொடுத்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, 2020இல் வந்த 'சூரரைப் போற்று' பொம்மியைச் சொன்னது. நல்ல தேர்வு. சோழவந்தான் நமக்குப் பக்கம்தானே! பொண்ணே மாப்பிள்ளை பார்க்கப் போகிறாள், சொந்தமாக பேக்கரி வைக்கிறாள். இன்னொரு அக்கா 1974இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை' கவிதாவைப் பற்றிப் பேசி, பாதியில் குரல் அடைத்து நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி சம்பாதிக்க ஒரு வீடே உட்கார்ந்து சாப்பிடுகிற கதை. படம் வந்து இத்தனை வருஷமாகியும் நம்மில் பல பேர் வீட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மதுரைக்காரி மைக்கைப் பிடித்தால் கண்ணகி என்றுதான் சொல்லுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் கண்ணகிக்கு இடம் கொடுத்தவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவள் பேர் மாதரி.

பேரே கேட்டதில்லை என்று இரண்டு மூன்று பேர் முகத்தில் தெரிகிறது. 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக கே.பி.சுந்தராம்பாள் வந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டலைக் காட்டுகிறார்கள். மாதரி பேரில் ஒரு சந்துகூட நான் பார்த்ததில்லை. என் மகள் பி.ஏ. தமிழ் படித்தபோது சிலப்பதிகாரத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். நான் மாவு ஆட்டிக்கொண்டே கேட்பேன். புரியாத இடத்தில் கிரைண்டரை நிறுத்திவிட்டு அர்த்தம் கேட்பேன். மாதரி எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

கதை இதுதான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு நடந்து நடந்து, வைகையைப் புணையில் கடந்து, வடகரையில் இருந்து தென்கரைக்கு வருகிறார்கள். நாம் இருப்பதும் அதே வடகரைதான். கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். கோவலன் ஊருக்குள் போய்ப் பிழைப்புப் பார்க்க வேண்டும். பொண்டாட்டியை யாரிடம் விட்டுப் போவது? அந்த நேரத்தில் இயக்கியம்மனுக்குப் பால் படைத்துவிட்டு மாதரி திரும்பி வருகிறாள். ஆடுமாடு வைத்துப் பிழைக்கிற வயசான பொம்பளை. கவுந்தியடிகள் அவளைக் கூப்பிட்டு, "இந்தப் பெண்ணை உன்னிடம் அடைக்கலமாகத் தருகிறேன்" என்கிறார்.

அந்த இடத்தில் கவுந்தி சொல்கிற ஒரு விஷயத்தைக் கேட்டுத்தான் நான் கிரைண்டரை நிறுத்தினேன். இவள் புருஷனுடைய அப்பா யார் என்று தெரிந்தால் மதுரையில் இருக்கிற பெரிய பணக்காரர்களே விருந்தாளியாக அழைத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அதுவரைக்கும் நீ வைத்துக்கொள் என்கிறார். பாருங்கள், பணக்காரன் வீட்டுக் கதவு திறக்க அப்பன் பேர் வேண்டியிருக்கிறது. மாதரி வீட்டுக் கதவு திறக்க ஒருத்தி சொன்ன வார்த்தை போதுமாக இருக்கிறது.

கூட்டிப் போய், தன் வீட்டு மூலையில் 'அங்கே படுத்துக்கோ' என்று சொல்லவில்லை. செம்மண் பூசின, வேலி கட்டின ஒரு புது வீட்டையே கொடுக்கிறாள். சமைக்கச் சட்டி பானை கொடுக்கிறாள். வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் கொடுக்கிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விடுகிறாள். கண்ணகி கை சிவக்கக் காய் நறுக்கிச் சமைத்து, வாழை இலையில் புருஷனுக்குச் சோறு போடுகிறாள். அதுதான் கடைசிச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான்.

மாதரியைப் பற்றி எனக்குப் பிடித்த இன்னொரு சின்ன விஷயம். அரண்மனையில் காலை முரசு கேட்டதும் அவள் மகளைக் கூப்பிட்டு, இன்றைக்கு நெய் முறை நம்முடையது என்கிறாள். அரண்மனைக்கு நெய் கொடுப்பதில் அந்தச் சேரியில் முறை வைத்திருக்கிறார்கள்! நாம் கூட்டத்துக்குப் பாய் விரிக்க முறை வைக்கிறோம், வங்கிக்குப் போக முறை வைக்கிறோம். அவர்கள் வேறு யாரும் இல்லை, நம்மை மாதிரிப் பொம்பளைகள்தான். அன்றைக்குப் பார்த்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் தண்ணீர் வடிகிறது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று மாதரிக்குத் தெரிந்துவிடுகிறது.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். கண்ணகி மதுரையை எரிக்கச் சொல்லும்போது பசு, பெரியவர்கள், குழந்தைகள் என்று சிலரை விட்டுவிடச் சொல்கிறாள். அந்தக் கணக்குப்படி வயசான மாதரியை நெருப்புத் தொட்டிருக்காது. ஆனால் அடைக்கலத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவள் தானாகப் போய்த் தீயில் விழுந்துவிட்டாள். வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்பவன் சேர ராஜாவுக்கு இதைச் சேதி மாதிரி சொல்லிவிட்டுப் போகிறான். சில வரிகள், அவ்வளவுதான்.

அன்றைக்கு மாவு அரைபட்டதா என்றே எனக்கு நினைவில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் வெட்டச் சொன்னவன் ராஜா. சட்டி பானை கொடுத்தவள் ஏன் சாக வேண்டும்? இளங்கோவடிகள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனாலும் அந்த இடத்தில் அவரிடம் எனக்குச் சண்டைதான்.

மாதரி மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டுதல் என்று சொல்ல வேண்டும் அல்லவா? 2008இல் நான் விளாங்குடிக்கு வந்தபோது இது பேரூராட்சி; மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். புறஞ்சேரி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு, கையில் இரண்டு பிள்ளை, வாடகை வீடு, ரேஷன் கார்டு ஊரில். குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, வாடகைக்கு இருக்கிறவளை எப்படி நம்புவது என்றார்கள். அப்போது என் எதிர் வீட்டு அக்கா எழுந்து, "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு, நோட்டுல எழுதுங்கத்தா" என்றார்கள். நான் எந்த ஊர், என்ன ஆளுக என்று அதற்கு முன்னாலும் அவர்கள் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

கிரைண்டர் வாங்க உள்கடன் பத்தாயிரம் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினேன். ஏழாவது மாதம் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்று தவணை நின்றது. அக்கா தன் தோட்டை அடகு வைத்து இரண்டு தவணை கட்டியது எனக்குத் தெரியவே தெரியாது. "பொறுப்புன்னு சொன்னீல்ல, கட்டு" என்று ஒன்றிரண்டு பேர் அவர்களைச் சொல்லியும் இருக்கிறார்கள். மூன்றாவது தவணைக்கு அக்கா வந்து உட்கார்ந்தபோது, எங்கள் ஊக்குநர் தீர்மான நோட்டை எடுத்து, "ஒருத்தி தலையில இதைப் போடக்கூடாது, பதினைஞ்சு பேரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போட்டோம்" என்று சொல்லி, தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் எழுதினார்கள். நாலு மாதம் கழித்து, அக்காவின் தோடு உட்பட, எல்லாவற்றையும் மாவு விற்றே அடைத்தேன்.

மாதரி பக்கத்தில் பதினைந்து பேர் இருந்திருந்தால் அவள் தீக்குப் போயிருப்பாளா என்று நான் யோசிப்பதுண்டு. குரவைக் கூத்து ஆட அவளோடு ஏழு பேர் கைகோத்து நின்றார்கள். பழி வந்த அன்றைக்கு அவர்கள் எங்கே போனார்கள் என்று கதையில் இல்லை.

இதே மாதிரி எங்க அம்மா சொன்ன நல்லதங்காள் கதையும் எனக்கு உண்டு. அதைக் கேட்டால் எனக்குப் பயம்தான் வரும். மானாமதுரையில் பஞ்சம் என்று ஏழு பிள்ளைகளோடு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்க, மூளி அலங்காரி ஓட்டைச் சட்டியையும் பச்சை மட்டையையும் கொடுத்துப் பொங்கிக்கொள் என்கிறாள். கடைசியில் கிணறு. ஒரு படி அரிசி கடன் கேட்க இன்னொரு வாசல் இல்லாமல் போனதுதான் அந்தக் கதை. எங்க அம்மா இதைச் சொல்லி முடித்ததும் அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், மணி அடிக்கப் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வருகிற மாதம் எங்கள் குழுவில் ஒரு புது ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசப் போகிறோம். கண்மாய்ப் பக்கம் ஒரே அறையில் கைக்குழந்தையோடு இருக்கிறது அந்தப் பிள்ளை. வாடகை வீடு, வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, கார்டும் இங்கே இல்லை. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. கடனை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்தவர்களும் உண்டு, அந்தப் பணத்தை நாம் பங்கு போட்டுக் கட்டியதும் உண்டு. அதனால் முதல் ஆறு மாதம் சேமிப்பு மட்டும், பிறகு சின்னக் கடன் என்று கேட்கப் போகிறேன். பொறுப்பு என்று என் பேரை முதலில் எழுதச் சொல்லுவேன். என் பேருக்குக் கீழே இன்னும் நாலு பேர் வேண்டும். எங்கள் குழு அக்காமார்கள் நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.