சொல்லுக்கும் நாணயம் வேண்டும்

(நமது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கணக்குக்குப் பரிசு உண்டு, மொழிக்குப் பரிசு உண்டு, ஓட்டப் பந்தயத்துக்கும் பரிசு உண்டு. கடைசியில் நன்னடத்தைக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறோம். கணக்குப் பரிசு யாருக்கு என்பதை மதிப்பெண்ணே சொல்லிவிடும். நன்னடத்தைப் பரிசு யாருக்கு என்பதைச் சொல்ல நம்மிடம் இருப்பவை சொற்கள் மட்டுந்தான். அந்தச் சொற்களைப் பற்றி உங்களோடு கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

"டீச்சர், எம்மவன் ரொம்ப நல்ல பிள்ளை, வாயே தொறக்க மாட்டான்" என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாய் திறக்காமல் இருப்பது அடக்கமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். பக்கத்துப் பையன் பென்சிலைத் திருடுவதைப் பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தால், அதையும் நல்ல குணம் என்று சொல்லிவிட முடியுமா? "நல்லவன்" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு வைத்தால், எந்தக் குணத்தைப் பாராட்டுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

நம்முடைய முன்னோர் அப்படி விடவில்லை. ஒவ்வொரு நற்குணத்துக்கும் தனித்தனியே பெயர் வைத்தார்கள். திருக்குறளின் 133 அதிகாரங்களைப் புரட்டிப் பாருங்கள். நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம், ஒழுக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், வாய்மைக்கு ஓர் அதிகாரம், சான்றாண்மைக்கு ஓர் அதிகாரம். எல்லாம் ஒன்றுதானே என்று வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் முடித்துவிடவில்லை.

முதலில் நேர்மையை எடுத்துக்கொள்வோம். நேர் என்றால் வளையாதது. கன்று நடும்போது கயிறு பிடித்து வரிசை பார்க்கிறோமே, அந்த நேர்தான். நல்ல அரசனின் ஆட்சியைச் செங்கோல் என்றார்கள். செவ்வையான, வளையாத கோல். கெட்ட அரசனுடையது கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்றும் ஒரு பொருள் உண்டு. நேரிலிருந்து வளைகிற இடத்தில்தான் கொடுமை தொடங்குகிறது என்று நம் மொழியே சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்தது நாணயம். கையில் இருக்கும் காசுக்கும் அதே பெயர்தான். காசை யார் கொண்டுபோனாலும், எந்தக் கடையில் நீட்டினாலும் செல்லும். நாணயமானவர் சொன்ன சொல்லும் அப்படித்தான். "பதினஞ்சாந் தேதி தாரேன்" என்று கைமாற்று வாங்கியவர், கேட்பதற்கு முன்னாலேயே பதினஞ்சாந் தேதி வாசலில் வந்து நின்றால், அவர் சொல் செல்லுபடியான காசு. சில தோட்டங்களில் செம்பனைக் குலையின் காம்பில் வெட்டியவரின் எண்ணை எழுதி வைக்கிறார்கள். எண் எழுதியிருக்கும்போது பழுத்த குலையை மட்டும் வெட்டுவது எல்லாராலும் முடியும். எண் எழுதாத இடத்திலும் அப்படியே வெட்டுகிறவர்தான் நாணயமானவர்.

மூன்றாவது ஒழுக்கம். ஒழுகுதல் என்பதிலிருந்து வந்த சொல் இது. ஒழுகுதல் என்றால் நீர் விடாமல் ஓடுவது. ஒருநாள் மட்டும் நேரத்தோடு பள்ளிக்கு வந்துவிட்டால் ஒழுக்கம் ஆகாது; விடாமல் வர வேண்டும். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நம் நாட்டின் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்து கோட்பாடுகளில் கடைசிக் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். மாணவர்களே, சபைகூடலில் நின்று அதைச் சொல்லும்போது, விடாமல் ஓடும் நீரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சால்பு. இதைக் கொஞ்சம் பழைய சொல் என்று நினைப்பீர்கள். சால்பு என்றால் நிறைவு. நற்குணங்கள் நிறைந்தவரைச் சான்றோர் என்றார்கள். பால் வெட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். வாளி நிறையப் பால் இருந்தாலும் 100 பங்கில் 30, 40 பங்குதான் ரப்பர், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரை ஊற்றினாலும் வாளி நிறையும். ஆனால் கொஞ்சம் பாலை எடுத்து உறைய வைத்து, காய வைத்து நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மனிதனுக்கும் கஷ்ட காலம் வருகிறபோதுதான் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று தெரியும்.

பெற்றோர்களே, இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கு.

ஒருநாள் வகுப்பில் "நல்லவர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள்" என்றேன். ஒரு மாணவி தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். சம்பளக் கணக்கில் தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டார்களாம். அப்பா ஆபீசுக்குப் போய் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கடைசி வரியில், "எங்கள் அப்பா நல்லவர், ஆனால் பிழைக்கத் தெரியாதவர் என்று அம்மா சொல்வார்" என்று முடித்திருந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நல்லவங்களா இருந்தா பொழைக்க முடியாதா டீச்சர்?"

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். கடைக் கணக்குக்கும் பஸ் காசுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இருக்கிற பணத்தை வைத்து மாசம் ஓட்டுகிற வீட்டில் அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியுமா? "உங்கப்பா செஞ்சதுக்குப் பேரு நாணயம். அந்தச் சொல்லை எழுதி அதுக்குக் கீழே உங்கப்பா பேரை எழுதும்மா" என்றேன். எழுதினாள்.

நேர்மையாக நடப்பவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? ஏமாளி, அப்பாவி, பிழைக்கத் தெரியாதவன். ஏமாற்றிப் பணம் சேர்த்தவனை? கெட்டிக்காரன், சாமர்த்தியசாலி. புத்தகத்தில் நாங்கள் எத்தனை தடவை நேர்மை என்று எழுதிப்போட்டாலும், பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கற்றுக்கொள்வது உங்கள் வீட்டு அடுப்படியிலும் வாசல் திண்ணையிலுந்தான். அங்கே நல்ல பெயரைத் தப்பான ஆளுக்குக் கொடுத்தால், அது செல்லாத காசை நல்ல காசோடு கலந்து விடுவது மாதிரி. பிறகு பிள்ளைக்கு எது நல்ல காசு என்றே தெரியாது.

அதனால் உங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். பிள்ளை நல்லது செய்தால், "சமத்து" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கீழே கிடந்த காசைக் கொண்டுவந்து கொடுத்தால் "இது நேர்மை" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தால் "இது நாணயம்" என்று சொல்லுங்கள். தம்பி, தங்கை இருவருக்கும் சரிசமமாகப் பங்கு வைத்தால் "இது நடுவு நிலைமை" என்று சொல்லுங்கள். இரண்டாவது, நேர்மையாக நடந்து நட்டப்பட்டவரைப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்யாதீர்கள். கைதூக்கி விட முடியாவிட்டாலும் அவரை மரியாதையாகப் பேசுங்கள்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்கள் முகம் வாட வேண்டாம். இந்த மேடையில் கொடுக்கக்கூடிய சான்றிதழ்கள் கொஞ்சந்தான். சான்றோர் ஆவதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நல்ல சொல்லை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அந்தச் சொல்லுக்குரியவர் யார் என்று யோசித்து, அவர் பெயரைக் கீழே எழுதுங்கள். நாளைக்கு என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.